தாளம் தவறும் இதயம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. மாதத்திற்கு ஓரிரு முறை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்ளத் தொடங்கி, இருபது நிமிடங்களில் சட்டென்று நின்றுவிடுகிறது. மருத்துவமனையை அடைவதற்குள் சரியாகிவிடுவதால், ஈ.சி.ஜி. ஒவ்வொரு முறையும் நார்மல் என்றே வருகிறது. மனப்பதற்றம்தான் காரணம் என்கிறார்கள். அப்படித்தானா, டாக்டர்?

பதில்: வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் பத்து வினாடி நேரத் துடிப்பை மட்டுமே. படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈ.சி.ஜி.யை வைத்துக்கொண்டு, படபடப்பின்போது இதயத்தில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவன 'திடீரென்று', 'சட்டென்று' என்னும் இரண்டு சொற்கள்தான். பதற்றத்தால் கூடும் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். சுவிட்சைப் போட்டு அணைத்ததுபோல் தொடங்கி முடிகிறதென்றால், இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதலாக ஒரு மின்பாதை இருந்து, மின்தூண்டல் அதன் வழியே வட்டமடிக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். கழுத்தில் துடிப்பு தெறிப்பதும், படபடப்பு அடங்கிய பின் சிறுநீர் அதிகமாகப் போவதும் இதற்குத் துணைச் சான்றுகள். இவை உங்களுக்கு உண்டா என்று கவனியுங்கள். பதற்றம் என்ற முடிவுக்கு, மற்றவற்றை விலக்கிய பிறகே வர வேண்டும்.

உடலில் அணிந்தபடியே துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு, மாதம் ஒருமுறை வரும் தொல்லையைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். வாரக்கணக்கில் அணியக்கூடிய பதிவுக் கருவியைக் கேளுங்கள். அல்லது படபடப்பு வந்தவுடன் மிக அருகில் ஈ.சி.ஜி. எடுக்க முடிந்த இடத்திற்குப் போய்விடுங்கள். அந்த ஒரு தாள் போதும். நார்மல் என்று ஒதுக்கிய பழைய ஈ.சி.ஜி.களையும் இதய மின்னியல் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். கூடுதல் பாதையின் தடம் சில சமயம் அவற்றிலேயே தெரியும். நோய் உறுதியானால், மூச்சை அடக்கி முக்கும் முறை ஒன்றை மருத்துவர் கற்றுத்தருவார். பதினைந்து வினாடி மூச்சடக்கி முக்கியவுடன் மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தபோது 43 சதவீதத்தினருக்கும், அவ்வாறு செய்யாதபோது 17 சதவீதத்தினருக்கும் துடிப்பு சீரானதாக 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாக அந்தப் பாதையைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் சிகிச்சை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தருகிறது. படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் வயது 67. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. வழக்கமான பரிசோதனையில் நாடி சீராக இல்லை என்று கண்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனச் சொல்லி, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்துள்ளார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரத்தக்கசிவுக்குப் பயந்து, அதற்குப் பதில் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. ஓட்டம் குறைந்த இரத்தம், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பை உணராதவருக்கும் இந்த அபாயம் உண்டு. தொந்தரவு இல்லாததால் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நான் அஞ்சுவது. அறுபத்தைந்தைக் கடந்த வயது, அழுத்தம், நீரிழிவு என உங்கள் பக்கவாத அபாயத்தை மதிப்பிடும் கணக்கில் ஏற்கெனவே மூன்று புள்ளிகள் சேர்ந்துவிட்டன.

ஆஸ்பிரின், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது. தேங்கிய இரத்தத்தில் உருவாகும் கட்டிக்கு அது போதாது. அதே நேரத்தில் முதியவர்களுக்கு அதனாலும் கசிவு வரும் என்பதால், பாதுகாப்பு குறைந்து ஆபத்து மட்டும் மிஞ்சும். உங்களுக்குக் கொடுத்தது பழைய வகையான வார்ஃபரின் என்றால், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். புதிய வகை மாத்திரைகளுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டை அவ்வப்போது பார்க்க வேண்டும், ஒரு வேளை தவறினாலும் காப்பு விரைவாகக் குறைந்துவிடும். செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு வார்ஃபரின் மட்டுமே ஏற்றது. கசிவைக் குறைக்க, அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். மூட்டுவலிக்கு நீங்களாக வலிமாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, இதயத்துக்கு வெளியே தேட வேண்டியது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் முதியவர்களுக்குக் கை நடுக்கமோ எடைக்குறைவோ வெளிப்படையாகத் தெரியாமல், சீரற்ற நாடி மட்டுமே அறிகுறியாக வரக்கூடும். எனவே தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும், இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோவும் கட்டாயம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்தடையையும் பார்க்கச் சொல்லுங்கள். நோய் தெரிந்து ஓராண்டு கடக்காதவர் என்றால், தாளத்தையே சீராக்கும் சிகிச்சை பொருந்துமா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 45. இரவில் படுத்தால் துடிப்பு ஒன்று விட்டுவிட்டு அடிப்பதுபோல் இருக்கிறது. ஹோல்டரில் 400 கூடுதல் துடிப்புகள் பதிவாகியுள்ளன. எக்கோ நன்றாக உள்ளது. ஆபத்தா?

பதில்: இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது, அதில் 400 என்பது அரை சதவீதம்கூட இல்லை. முன்கூட்டி வரும் துடிப்பை நீங்கள் உணர்வதில்லை. அதன் பின்வரும் சிறு இடைவெளிக்குப் பிறகு ஓங்கி அடிக்கும் துடிப்பையே உணர்கிறீர்கள். எக்கோ நன்றாக இருக்கும்வரை பயம் வேண்டாம். நீர்பிரிக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் பொட்டாசியம், மெக்னீசிய அளவுகளைப் பாருங்கள். உடற்பயிற்சியின்போது மயக்கம் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. உடனே நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 72. நாடி 38 ஆக இறங்கி மயங்கி விழுந்தார். துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி வைக்கச் சொல்கிறார்கள். மாத்திரையில் சரிசெய்ய முடியாதா?

பதில்: இதயத்தின் மின்வழி முற்றிலும் தடைபட்டிருந்தால் முடியாது. 1958இல் ஸ்டாக்ஹோம் நகரில் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் 2001 வரை வாழ்ந்தார் என்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். எனினும் நாடியைக் குறைக்கும் மருந்து ஏதும் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கர், டில்டியசம், டிகாக்சின் ஆகியவற்றோடு, கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் நாடியைத் தளர்த்தும். அதை மருந்தாகவே எண்ணாததால் பலரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. தைராய்டு குறைவும், மிகையான பொட்டாசியமும்கூட நாடியைத் தளர்த்தும். அவர் பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும், கண் சொட்டு உட்பட, ஒரு பையில் போட்டு நாளையே எடுத்துச் செல்லுங்கள்.