9 வயதுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாமனார் 44 வயதில் நெஞ்சுவலியில் போனவர். டாக்டர் சொல்லி 9 வயது மகளுக்கு ரத்தம் பார்த்தோம். எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 226; மறுபடி பார்த்தபோது 219. மாத்திரை தொடங்கலாம் என்கிறார். பிள்ளை ஒல்லி, ஓடியாடுகிறவள். 'பிஞ்சு உடம்புக்கு மாத்திரையா?' என்று மாமியார் அழுகிறார். நெய், முட்டையை நிறுத்தினால் போதாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, நீங்கள் ஊட்டிய நெய்யால் இது வரவில்லை; பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறாகத்தான் தெரிகிறது. முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைக் கல்லீரல்தான் பிடித்து உள்ளே இழுக்கிறது. அப்படிப் பிடிக்கும் கைகளைச் செய்யும் மரபணு நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானால் பாதிக் கைகள்தான் வேலை செய்யும். சுமார் 300 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது; ஒல்லி, குண்டு பார்த்து வருவதில்லை. கணவரின் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அங்கேயும் இதே கொழுப்புதான் படிந்திருக்கும்.

உங்கள் மகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்து, பாதிப்பில்லாத கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 8, 10 வயதிலேயே சுவர் சற்றுத் தடித்திருப்பது தெரிகிறது. மயிரிழைக்கும் குறைவான வித்தியாசம்தான். இன்னொரு சோதனையும் உண்டு. பிரஷர் பார்க்கும் பட்டையால் கையைச் சில நிமிடம் இறுக்கிவிட்டுத் தளர்த்தினால், நல்ல ரத்தக்குழாய் சட்டென்று விரிந்து கொடுக்கும். இவர்களுக்கு அந்த விரிவு குறைவு. இந்தக் கட்டத்தில் மாத்திரை கொடுத்தால் அது தேறுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.

நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 214 பிள்ளைகளுக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்து, 20 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. 39 வயதுக்குள் இதயநோய் வந்தது 100-க்கு ஒருவருக்குத்தான். இதே கோளாறுள்ள அவர்களுடைய அப்பா அம்மாவில், அதே வயதுக்குள் 100-க்கு 26 பேர். அந்தத் தலைமுறைக்குச் சிறுவயதில் இந்த மாத்திரை கிடைக்கவில்லை. வளர்ச்சியும் பருவமடைதலும் இதனால் தடைபடுவதாகத் தெரியவில்லை. கல்லீரல் பரிசோதனையை டாக்டர் சொல்லும் நாளில் செய்யுங்கள். காரணமில்லாமல் தசை வலித்தால் உடனே சொல்லுங்கள்.

நெய்யையும் பொரித்ததையும் குறைப்பது நல்லதுதான். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே அதிகம். 226 சுமார் 203-தான் ஆகும்; நமக்கு வேண்டியது 130-க்குக் கீழே. அதற்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால், அதைப் பார்த்தாயிற்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வேறு பிள்ளை இருந்தால் அதற்கும் ரத்தம் பாருங்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு. கணவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் அப்படியே. சொந்தத்தில் கல்யாணம் என்றால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். 44 வயதில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய பயத்துக்கு டாக்டரே நேரில் பதில் சொல்லட்டும்.