கண் சிமிட்டலும் தொண்டைக் கிருமியும்: டாக்டர் பதில்கள்

தலவாக்கலை வாசகி: மகனுக்கு 7 வயது. காய்ச்சல் வந்து போனதிலிருந்து, மெல்ல மெல்லத் தொடங்கி, இப்போது கண்ணை அடிக்கடி சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான். டவுனில் இரத்தம் சோதித்தோம், ஏ.எஸ்.ஓ. 400. எதிர்ப்புச் சக்தி மூளையைத் தாக்குகிறது என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறாரே?

இந்த ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப் என்ற தொண்டைக் கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருளின் அளவு) துண்டோடு யாராவது வராத வாரமே இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, கைக்காசைக் கொடுத்து வாங்கும் அந்த எண் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஏதோ ஒரு சமயம் ஸ்ட்ரெப் கிருமி தொற்றியிருக்கிறது. ஒரு மாதம்போலில் உச்சிக்கு ஏறும், இறங்கப் பல மாதம் எடுக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு 200ஐத் தாண்டுவது அதிசயமே இல்லை. ‘டிக்’, அதாவது இப்படித் தானாகத் திரும்பத் திரும்ப வரும் சிமிட்டல், குலுக்கல், தொடங்குவதும் 5, 6, 7 வயதில்தான். தொண்டை நோ அடிக்கடி வருவதும் அதே வயதில்தான். இரண்டும் ஒன்றாக வந்ததாலேயே ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்றாகாது.

யூடியூப்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. 1998இல் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர் 50 பிள்ளைகளை விவரித்து ‘பாண்டாஸ்’ என்று பெயரிட்டார்கள். கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள், சாயல் ஒத்திருப்பதால் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளையின் அடிக்கருக்களையும் தாக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் திடீரென்று, கடுமையாக வந்தது. சர்ச்சை இன்னும் தீரவில்லை. ஐரோப்பாவில் டிக் உள்ள 700 சொச்சம் பிள்ளைகளை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்ட்ரெப் தொற்றியதும் டிக் கூடியது என்று காட்ட முடியவில்லை. உங்கள் மகனுக்கோ மெதுவாக வந்த கண் சிமிட்டல். அதற்கு ஏ.எஸ்.ஓ.வும் வேண்டாம், அது குறைந்ததா என்று மறுபடி எடுக்கவும் வேண்டாம். ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரிக் குழந்தை கிளினிக்கில் காட்டுங்கள்.

ஹட்டன் வாசகர்: ஒன்பது வயது மகளுக்குக் கை தானாக ஆடுகிறது. தட்டிலிருந்து சோறு சிந்துகிறது, எழுத்து கோணலாகிவிட்டது, காரணமில்லாமல் அழுகிறாள். இதுவும் டிக்கா?

இல்லை போலிருக்கிறது. பதிலைப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டிக்கைப் பிள்ளை கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளும்; கை கால் தானாக ஆடும் ‘கொரியா’ என்ற நோயை அப்படி அடக்க முடியாது, சோறு சிந்துவதும் எழுத்து கோணுவதும் அதன் அடையாளம். இது ஸ்ட்ரெப் தொண்டை நோவுக்குப் பிறகு வரும் வாதக்காய்ச்சலின் ஒரு முகம். எதிர்ப்புச் சக்தி மூளையில் கைவைப்பது இங்கே சந்தேகமில்லாத விஷயம். இதய வால்வும் பழுதாகலாம், ஆகவே எக்கோ என்ற இதய ஸ்கேன் கட்டாயம். பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடம். கொழுந்து சீசன் என்று ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

மஸ்கெலியா வாசகர்: தொண்டை நோவுக்கு ஃபார்மஸியில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கினால் டிக் வராமல் தடுக்கலாமா?

தடுக்காது. இரண்டு நாள் மாத்திரை எதற்கும் உதவாது. டாக்டர் ஸ்ட்ரெப் என்று பார்த்துப் பென்சிலின் மாத்திரை எழுதினால் பத்து நாள், நோ போனாலும் பத்து நாள்.

பண்டாரவளை வாசகி: எதிர்ப்புச் சக்தி கூட்டும் சிரப் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

நுவரெலியா ஆசிரியை: வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் செருமுகிறான். அடித்தும் நிற்கவில்லை.

அடித்தால் கூடும், டீச்சர். பயமும் களைப்பும் டிக்குக்கு எண்ணெய் வார்ப்பவை. கண்டும் காணாமல் விடுங்கள், கேலி செய்கிற பிள்ளைகளை அடக்குங்கள். தாயிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மந்திரித்து நூல் கட்டியாயிற்று என்றால் கட்டட்டும், கிளினிக்கையும் விடவேண்டாம்.

பெயர், ஊர் இல்லாத வாசகர்: எப்போது சுகமாகும்?

யாருக்கு? என்ன வயது? எவ்வளவு காலமாக? ஒன்றும் எழுதவில்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடும். நீடித்தால் 10, 12 வயதில் உச்சம், இளவயது தாண்டும்போது பெரும்பாலானவர்களுக்கு இறங்கும். அடுத்த கடிதத்தில் வயதை எழுதுங்கள்.