ஹெம்ப் போடலாமா? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்று, வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நார்ப்பயிர் பற்றி எதுவும் கேளுங்கள் என்றேன். வந்ததெல்லாம் ஹெம்ப், அதாவது கஞ்சா இனத்து நார்ச்செடி பற்றித்தான். சரி, ஆரம்பிப்போம்.

மேலூர்: ஐயா, ஒரே செடியில் துணி, எண்ணெய், வீடு கட்டும் கல் எல்லாம் வருமாமே?

வரும். பட்டையில் நீள நார். உள்ளே இருக்கும் தக்கையைச் சுண்ணாம்போடு குழைத்தால் சுவர்க்கட்டி. வெயிலைத் தடுக்கும், பாரம் தாங்காது, தூண் தனியாக வேண்டும். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், கால் பங்கு புரதம். 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையை உணவாக ஏற்றது. ஆனால் நாருக்கு என்றால் நெருக்கி விதைத்து, பூக்கும் சமயத்தில் அறுக்க வேண்டும். விதை முற்றும்வரை விட்டால் நார் முரடாகிவிடும். ஒரே வயலில் இரண்டும் முதல் தரமாக வராது. இதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை.

திருமங்கலம்: அண்ணே, விதை ஆன்லைனில் கிடைக்கிறது. அரை ஏக்கரில் போட்டுப் பார்க்கவா?

வேண்டாம் தம்பி. அது தின்பதற்கு விற்கிற விதை. ஹெம்பும் கஞ்சாவும் ஒரே இனம். போதை தரும் டிஎச்சி அளவில்தான் வித்தியாசம், அதை ஆய்வகம்தான் சொல்லும்; வயலுக்கு வரும் போலீஸ் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 20ஆம் பிரிவு: பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். 14ஆம் பிரிவின்படி நாருக்கும் விதைக்கும் அரசு தனி உத்தரவு போட்டு அனுமதிக்கலாம். உத்தராகண்ட் அப்படித்தான், 0.3 சதவீத வரம்பு வைத்துக் கொடுத்தது. நம் பக்கம் அந்தக் கதவு திறக்கவில்லை. தொட்டியில்கூட ஒரு செடி வைக்காதே.

உசிலம்பட்டி: அனுமதி வந்துவிட்டது என்றே வைப்போம். மானாவாரியில் பருத்திக்கு மாற்றாகுமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். சட்டத்தை மாற்றலாம், பகல் நீளத்தை யார் மாற்றுவது? ஹெம்ப் குறும்பகல் பயிர். இரவு நீண்டால் பூத்துவிடும். பிரான்சில் கோடைப் பகல் 16 மணி நேரம், அது சுருங்கும்வரை செடி ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே இருக்கும். மதுரையில் ஆனியிலும் பகல் 13 மணியைத் தொடாது. அந்த ஊர் ரகத்தை இங்கே விதைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்து நிற்கும். பூத்தபின் தண்டு வளராது, நார் எங்கிருந்து வரும்? நம் பழைய சம்பா ரகங்களுக்கும் இதே குணம்தான். கோடையில் விதைத்தால் கதிர் வராமல் இலையாகவே நிற்கும். சம்பாவில் பூ தாமதம், ஹெம்பில் பூ அவசரம். தாய்லாந்து மலைப்பகுதிக்கென்று தனி ரகங்கள் எடுத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி எடுத்தபிறகுதான் பேச்சு.

அப்புறம், நார் பிரிய அறுத்த தண்டை ஊறப்போட வேண்டும். ஐரோப்பாவில் வயலிலேயே பனியில் கிடந்து ஊறிவிடும். உசிலம்பட்டியில் பனி ஏது, கண்மாயில் தண்ணீர்தான் ஏது? பக்கத்தில் நார் பிரிக்கும் ஆலையும் வேண்டும். தண்டுக்கு எடையைவிட இடம்தான் அதிகம், தூரம் ஏற்றினால் லாபம் லாரி வாடகைக்கே போகும்.

அலங்காநல்லூர்: எங்க அப்பா காலத்திலேயே சணல் விதைத்து உழுதிருக்கோம். யாரும் பிடிக்கலையே?

அது சணப்பு ஐயா, தழையுரத்துக்கு மடக்கி உழுகிற செடி. அவரை, துவரைக் குடும்பம், மஞ்சள் பூ. கஞ்சாவுக்குச் சொந்தமே இல்லை.

அலங்காநல்லூர்: எங்க ஊரில் அதுதான் சணல். நீங்க பேரை மாத்தாதீங்க.

கோணிப்பை சணல் வங்காளத்துச் செடி, அது வேறு.

சோழவந்தான்: புளிச்சை நாரையும் சணல் என்றுதானே விற்கிறான்?

ஆமாம், அது நாலாவது. நார் உரிகிற எதையும் சணல் என்றால் நான் என்ன செய்ய? பேருக்காகச் சண்டை வேண்டாம். ஆனால் விதை வாங்கும்போது மட்டும் சணப்பு என்றே கேளுங்கள். சோழவந்தானுக்கு இன்னொன்று: மேலக்கால் பக்கம் வாழை நாரில் கயிறு திரிக்கிறார்கள். வெட்டிப்போட்ட வாழைத்தண்டு உங்கள் வரப்பிலேயே கிடக்கிறது.

பேரையூர்: ஹெம்ப் விதை எங்கே வாங்கலாம்?

திருமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே.கே. நகர்: மூட்டுவலிக்கு ஹெம்ப் எண்ணெய்?

மருத்துவரைக் கேளுங்கள்.

வில்லாபுரம்: நைலான் கம்பெனிகளின் சதியால்தானே தடை?

அது 1937இல் அமெரிக்காவில் போட்ட வரிச்சட்டத்தை வைத்துச் சொல்லும் கதை. நம் சட்டம் 1985. அதற்கு முன் வந்த 1961 உலக உடன்படிக்கைகூட நாருக்கும் விதைக்கும் வளர்ப்பதைத் தடுக்கவில்லை.

செக்கானூரணி: லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.

அலங்காநல்லூர்: சரி, சணப்பே போடுறேன். எப்போ மடக்கி உழணும்?

ஏக்கருக்கு 15 கிலோ விதை. 45 நாளில் பூ எடுக்கும். அப்போதே ஈரத்தோடு மடக்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் தண்டு நாராகி மட்க நேரமாகும். ஓரத்தில் விதைக்குக் கொஞ்சம் விடுவதாக இருந்தால், காய் குலுங்கும்போது மாட்டை உள்ளே விடாதீர்கள். விதையில் நஞ்சு உண்டு.