ராணுவ முகாமில் நிகழ்ச்சி ஏற்பாட்டு இன்டர்ன்ஷிப்: போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் பொழுதுபோக்கு மேலாண்மை படிக்கிறேன். கடைசிப் பருவ இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு ராணுவ முகாமின் நிகழ்ச்சி ஏற்பாட்டுப் பிரிவில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. "துப்பாக்கி தூக்குகிற இடத்தில் உனக்கு என்ன விளையாட்டு வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். ஆனால் ஓட்டலிலோ கல்யாண மண்டபத்திலோ நிகழ்ச்சி நடத்துவதைப் போன்ற வேலை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே விருந்தாளிகள் தங்கள் நேரத்தைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். முகாமில் வீரர்களின் நேரம் அவர்கள் கையில் இல்லை. அந்த வேலையின் சிரமம், சுவை, கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன. டெக்சஸில் ஒரு தரைப்படை முகாமில் இதே பயிற்சியை முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வீட்டாரின் சந்தேகம். அமெரிக்காவில் பெரிய ராணுவ முகாம் என்பது வேலி போட்ட ஓர் ஊர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நூலகம், மளிகைக் கடை, நீச்சல் குளம், பவுலிங் அரங்கு எல்லாம் உள்ளேயே உண்டு. மாலையில் தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பார்கள். நான் இருந்தது ஃபோர்ட் ஹுட் அல்ல, ஆனால் உதாரணத்துக்கு அதைப் பாருங்கள். அந்த முகாமுக்குப் பெல்டன் ஏரிக்கரையில் தனியாக ஒரு பொழுதுபோக்கு வளாகம் இருக்கிறது. படகு வாடகைக்குக் கிடைக்கும், கூடாரம் போட்டுத் தங்கலாம், கிறிஸ்துமஸ் காலத்தில் மைல் கணக்கில் விளக்கு அலங்காரம் செய்து, மக்கள் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு போக வழி செய்கிறார்கள். (அந்த முகாமின் பெயரை 2023இல் ஃபோர்ட் கவாசோஸ் என்று மாற்றி, 2025இல் மறுபடியும் ஃபோர்ட் ஹுட் ஆக்கினார்கள். பேனர் அச்சடிப்பவர்களுக்கு நல்ல காலம்.) இவற்றையெல்லாம் நடத்துகிற பிரிவுக்கு எம்.டபிள்யூ.ஆர். என்று பெயர். மனஉறுதி, நலன், பொழுதுபோக்கு ஆகிய மூன்றையும் கவனிக்கிற துறை அது. தரைப்படையிலும் கடற்படையிலும் இந்தப் பெயர்தான். மரைன் படையில் எம்.சி.சி.எஸ். என்பார்கள்.

சிப்பாய்க்கு எதற்குப் பொழுதுபோக்கு என்ற கேள்வி நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, புதிதாகச் சேர்ந்த லட்சக்கணக்கான இளைஞர்களைப் பயிற்சி முகாம்களில் குவித்தார்கள். முகாம் வாசலிலேயே சாராயக் கடைகளும் விபசார விடுதிகளும் முளைத்தன. ரேமண்ட் ஃபாஸ்டிக் என்ற வழக்கறிஞர் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து, கூட்டுப்பாட்டு, நாடகம், குத்துச்சண்டை, நூலகம் என்று முகாமுக்குள்ளேயே ஏற்பாடு செய்தார்கள். ஓய்வு கிடைத்த சிப்பாய் எங்கே போவான் என்பதுதான் அன்றைய கவலை. இன்றும் கவலை அதேதான். இப்போது அவன் எங்கும் போகாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செல்போனும் கையுமாகக் கிடப்பதுதான் பெரிய தொல்லை.

இனி வேலைக்கு வருவோம். சேர்ந்தவுடன் உங்களுக்குச் சொல்லித்தருவது பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைத்தான். பைகள் இரண்டு. ஒன்று நாடாளுமன்றம் ஒதுக்குகிற அரசுப் பணம். மற்றது முகாமே சம்பாதிக்கிற பணம். உடற்பயிற்சிக் கூடமும் நூலகமும் பெரும்பாலும் முதல் பையை நம்பியிருக்கின்றன. கோல்ஃப், பவுலிங் போன்றவை தங்கள் வருமானத்தில் தாங்களே பிழைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் காப்பகம், படகு வாடகை மாதிரியானவை நடுவில் நிற்கின்றன. இரண்டாவது பைக்குப் பெரிய ஊற்று முகாம்களில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் கடைகள். 1895இல் தொடங்கிய அந்தக் கடைகளின் லாபத்தில் ஒரு பங்கு எம்.டபிள்யூ.ஆருக்கு வருகிறது. சிப்பாய் வாங்குகிற சோடாவின் லாபம் அவனுக்கே வாலிபால் வலையாகத் திரும்பி வருகிறது என்று எங்கள் மேலாளர் சொல்வார். அதனால்தான் கணக்கில் அவ்வளவு கெடுபிடி. பயிற்சி மாணவராக இருக்கும் நீங்கள் தொலைபேசியில் "பத்து பீட்சா அனுப்புங்கள்" என்றுகூடச் சொல்ல முடியாது. கொள்முதல் செய்ய அதிகாரம் பெற்றவர் சொன்னால்தான் செல்லும்.

விளம்பரதாரர் விஷயத்தில் இன்னும் கறார். உள்ளூர் கார் வியாபாரி ஒருவர் ஓட்டப் போட்டிக்குப் பணம் தர முன்வந்தால், அதைப் பேசி முடிப்பதற்கென்று பயிற்சி பெற்ற ஊழியர் இருக்கிறார். நீங்கள் போய்க் கேட்கக் கூடாது. பணம் வந்து, சுவரொட்டியில் அந்த நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டால், கீழே பொடி எழுத்தில் ஒரு வரி கட்டாயம்: விளம்பரதாரரை அரசு பரிந்துரைப்பதாகப் பொருள் இல்லை. அந்த வரி இல்லாத சுவரொட்டி மேசையை விட்டு நகராது. நான் வரைந்த முதல் சுவரொட்டி, எழுத்தின் அளவு, சின்னத்தின் இடம், அந்த ஒரு வரி என்று மூன்று மேசைகள் சுற்றி வந்தது. கல்லூரியில் வடிவமைப்பு வகுப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் பணத்தைவிடப் பெரிய எஜமான் நாள்காட்டிதான். ஒரு பட்டாலியன் களப்பயிற்சிக்குப் போய்விட்டால் பல நூறு பேர் ஒரே நாளில் காணாமல் போவார்கள். சம்பளம் மாதத்தில் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் வருகிறது. கட்டணம் வைக்கிற நிகழ்ச்சியை அதற்கு முந்தைய வாரத்தில் வைத்தால் நாற்காலிகள்தான் பார்க்கும். சனி, ஞாயிறோடு இரண்டு நாள் சேர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்தால் திருமணமாகாதவர்கள் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பறந்துவிடுவார்கள். குடும்பஸ்தர்கள் மட்டும் இருப்பார்கள். அந்த வாரத்துக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி சரி, இசைக் கச்சேரி வீண்.

ஒரு வாலிபால் போட்டியைச் சொல்கிறேன். பெயர்ப் பட்டியல் நிரம்பியிருந்தது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, களத்தில் இருந்த ஒரு பிரிவுக்குப் பயிற்சி நீட்டிக்கப்பட்டது. பட்டியலில் பாதி அணிகள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவை. சிறப்பாக நடக்க வேண்டிய போட்டி போயிற்று என்று நான் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் தொலைபேசியை எடுத்து ராணுவ மருத்துவமனை, ராணுவப் போலீஸ், பேண்ட் வாத்தியக் குழு ஆகிய மூன்று இடங்களில் பேசினார். மருத்துவமனைக்காரர்களும் போலீஸும் அந்தப் பிரிவோடு களத்துக்குப் போவதில்லை. மாலைக்குள் அணிகள் தயார். வெவ்வேறு சுழற்சியில் இயங்குகிற பிரிவுகளுக்கு எப்போதும் ஓர் அழைப்பு போட்டு வை என்பது அன்று கிடைத்த பாடம். இப்போது நான் ஒரு நகராட்சிப் பூங்காத் துறையில் வேலை செய்கிறேன். மழை வந்தால் யாரை அழைப்பது என்று முதலிலேயே எழுதி வைக்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

வெயிலுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அந்த அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடிகள் ஏறும். அளவு 90 பாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்புக் கொடி, அதாவது மிக ஆபத்தான வெப்பம். டெக்சஸ் ஜூலையில் அதைப் பார்ப்பது அதிசயமே இல்லை. குடும்ப ஓட்டப் போட்டியை விடியற்காலையில் வைக்கிறார்கள் என்றால் சுறுசுறுப்பைக் காட்டுவதற்காக அல்ல.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலான முகாம்களில் மாலை 5 மணிக்குக் கொடியிறக்கும் எக்காளம் ஒலிக்கும். நடக்கிறவர்கள் நின்று கொடி இருக்கிற திசையைப் பார்ப்பார்கள், கார்கள் நின்றுவிடும், சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள். சீருடை இல்லாத நீங்களும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்க வேண்டும். மேடையில் ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தால் அதை அணைத்தாக வேண்டும். ஆகவே எந்த நிகழ்ச்சி நிரலிலும் 4:50 முதல் 5:10 வரை வெற்றிடம். வெளியிலிருந்து வரும் இசைக்குழுக்களுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 கொண்டாட்டம்தான் வருடத்தின் பெரிய கூத்து. பீரங்கி இருக்கிற முகாம்களில் மாநிலத்துக்கு ஒன்றாக 50 குண்டு முழங்கும். இரவில் வாணவேடிக்கை. போர்முனையிலிருந்து திரும்பியவர்களில் சிலருக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பதைப் பல நாள் முன்பிருந்தே குடியிருப்புகளுக்கு அறிவிப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. எதிர்பார்த்த சத்தத்தைத் தாங்கிக்கொள்கிறவர்கள் எதிர்பாராததில் உடைந்துபோகிறார்கள். ஏப்ரலில் ராணுவக் குழந்தைகள் மாதம் வருகிறது. 1986இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காஸ்பர் வைன்பெர்கர் தொடங்கிவைத்தது. எல்லாப் படைகளின் நிறங்களும் கலந்த நிறம் என்பதால் எங்கே பார்த்தாலும் ஊதா. பலூன் ஊதியே மூச்சுப் போகும், வேறொன்றும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து படைப்பிரிவு திரும்பும் நாளுக்கு ஏற்பாடு செய்வது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். விமானம் வரும் தேதியையும் நேரத்தையும் சமூக வலைத்தளத்தில் போடக் கூடாது. விளம்பரம் செய்ய முடியாத, நேரம் நிச்சயமில்லாத ஒரு நிகழ்ச்சிக்குக் கூடம் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நேரம் தள்ளிப்போகப் போகக் குழந்தைகள் தரையிலேயே தூங்கிவிடும். தண்ணீர், டயப்பர், வண்ணம் தீட்ட காகிதம், கிரேயான் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதுதான் அன்றைக்கு நிகழ்ச்சி ஏற்பாடு. வீரர்கள் அணிவகுத்து உள்ளே வந்த பிறகு தளபதி நீளமாகப் பேசினால் கூடமே அவரை எரித்துவிடும்போல் பார்க்கும். புத்திசாலித் தளபதிகள் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

நான் அதிகம் மெனக்கெட்டது வீரர் விடுதியான பாரக்ஸில் தங்கியிருக்கிற பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்காக. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குப் பொழுது எப்படியோ போய்விடுகிறது. இவர்கள் ஊரை விட்டு முதல்முறையாக வந்தவர்கள், பலரிடம் கார் இல்லை. திருமணமாகாத வீரர்களுக்கென்று 1989இல் பாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு பிரதிநிதி வருவார், முகாம் அளவில் தலைவராக ஒரு சிப்பாயே இருப்பார், எம்.டபிள்யூ.ஆர். ஊழியர் ஆலோசகராக மட்டும் கூடவே நிற்பார். இந்தக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். சுவரொட்டியை உணவுக்கூடத்தில் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை, துணி துவைக்கும் அறையில் ஒட்டுங்கள், அங்கேதான் எல்லோரும் சும்மா நிற்கிறோம் என்று ஒரு பெண் சொன்னாள். ஒட்டினோம், ஆட்கள் வந்தார்கள். முன்பதிவை எடுத்துவிட்டதும் இன்னும் சிலர் வந்தார்கள். பெயர் கொடுத்தால் மேலதிகாரி கட்டாயமாக்கிவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு. சார்ஜென்ட் உத்தரவு போட்டு அனுப்புகிற கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எல்லோரும் சுவரோரம் கைகட்டி நிற்பார்கள். தலை எண்ணிக்கை அறிக்கையில் மட்டும் அழகாக இருக்கும்.

நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் குடியுரிமை கேட்பார்கள். மாணவர் விசாவில் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் அதை எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின்னணிச் சோதனை உண்டு. குழந்தைகளோடு வேலை என்றால் கைரேகையும் கொடுக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே காகிதங்களை நகர்த்துங்கள். சம்பளம் இடத்துக்கு இடம் வேறுபடும், சில இடங்களில் சம்பளம் இல்லை, கல்லூரி மதிப்பெண் மட்டும்தான்.

சிகிச்சை சார்ந்த பொழுதுபோக்குத் துறையில் சி.டி.ஆர்.எஸ். சான்றிதழ் எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இந்த இடம் பொருந்தாது. அதற்கு 14 வாரமும் 560 மணி நேரமும் அந்தச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ராணுவ மருத்துவமனைகளில் விசாரியுங்கள். பொது நிகழ்ச்சி ஏற்பாடுதான் உங்கள் வழி என்றால் பின்னால் கதவுகள் நிறைய இருக்கின்றன. ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையிலும் ஜெர்மனியின் கார்மிஷ் மலையூரிலும் டிஸ்னி உலகத்துக்குள்ளேயும் ராணுவத்தாருக்கென்றே விடுதிகள் நடக்கின்றன. கடற்படையோ விமானந்தாங்கிக் கப்பலிலேயே பொழுதுபோக்கு ஏற்பாட்டாளரை ஏற்றி அனுப்புகிறது. சீருடை இல்லாத சிவிலியன்தான். கப்பலில் அவரை எல்லோரும் "ஃபன் பாஸ்" என்று கூப்பிடுகிறார்கள்.

நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: திட்டம் போடுவதிலிருந்து பின்னறிக்கை எழுதுவது வரை ஒரு நிகழ்ச்சியையாவது முழுதாக என் பொறுப்பில் விடுவீர்களா? விடுவோம் என்றால் சேருங்கள். பதில் இழுத்தடித்து வந்தால் வேறு முகாம் பாருங்கள். நாற்காலி அடுக்குவது எந்த முகாமிலும் உண்டு, அதற்காக மட்டும் ஒரு பருவத்தைக் கொடுக்க வேண்டாம்.