இறுகும் தமனியும் தசைச் செல்களும்

கேள்வி: வயதாகும்போது தமனிகள் இறுகுகின்றன என்கிறார்கள். அந்த இறுக்கம் தமனிச் சுவரிலுள்ள தசைச் செல்களையும் மாற்றுமா?

பதில்: மாற்றும், அந்த மாற்றம் இறுக்கத்தை மேலும் வளர்க்கக்கூடியது என்பதுதான் கவலைக்குரியது. மகாதமனிக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை உடல் பெரும்பாலும் இளம் பருவத்திலேயே உருவாக்கி முடித்துவிடுவதால், பல்லாண்டுத் துடிப்புகளில் அவை சிதையும்போது, சுவரின் சுமை கொலாஜன் என்னும் கடினமான புரத இழைகளின் மேல் விழுகிறது. சுவரிலுள்ள மென்தசைச் செல்களோ தம் சவ்விலுள்ள இன்டக்ரின் புரதங்களால் சுற்றியுள்ள இழைகளைப் பற்றி இழுத்து, இருட்டில் சுவரைத் தடவி அறிபவரைப் போல, அவற்றின் கடினத்தை உணர்கின்றன. எதிர்ப்பு மிகுந்தால் செல்லுக்குள் அதன் இழுவிசைக்குத் துணைபுரியும் ஆக்டின் இழைகள் தடிக்கின்றன; யாப் என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகிறது. அதன்பின், சுருங்கித் தளர்வதையே தொழிலாகக் கொண்டிருந்த செல்களில் பல, பெருகவும் நகரவும் புதிய கொலாஜனைச் சுரக்கவும் தொடங்குகின்றன. செல்களை வைத்து வளர்க்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் கடினத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றி ஆராய்ந்தவர்கள், இச்செல்கள் மென்மையான பகுதியிலிருந்து கடினமான பகுதியை நோக்கி நகர்வதைக் கண்டார்கள்; எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுவே. மருத்துவர்கள் தமனியின் இறுக்கத்தை, இதயத் துடிப்பு தமனி வழியே பரவும் அலையான துடிப்பலையின் வேகத்தால் அளக்கிறார்கள். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் இதயநோய் அபாயம் கூடுதல் என்று கொள்ளப்படுகிறது.