கிரிக்கெட் டெக்னிக்: 6 வயதிலா, 10 வயதிலா?

கேள்வி: மகளுக்கு 6 வயது, மகனுக்கு 10. இருவரும் எங்கள் அப்பார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பக்கத்து அகாடமியில், "ஆறு வயதிலேயே டெக்னிக்கைப் போட்டுவிட வேண்டும், பையனுக்கு ஏற்கெனவே லேட்" என்கிறார்கள். "கொஞ்ச நாள் சும்மா ஆடட்டும்" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மகள் விஷயத்தில் உங்கள் கணவர். மகன் விஷயத்தில் அகாடமிக்காரர்கள், அதுவும் பாதிதான்.

ஆறு வயதில் அடிப்படை என்பது ஓடுவது, சட்டென்று நிற்பது, ஒற்றைக் காலில் குதிப்பது, எறிவது, பிடிப்பது. நொண்டி ஆடினாலே இதில் பாதி வந்துவிடும். பந்து எங்கே விழும் என்று கணிக்கும் திறன் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. "எல்போவைத் தூக்கு, தலையை ஆட்டாதே, காலை முன்னால் வை" என்று ஒரே மூச்சில் சொன்னால், பிள்ளை பந்தை விட்டுவிட்டு கோச் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதைவிட முக்கியம், அவள் கையில் இருப்பது அண்ணனுடைய மட்டையா என்று பாருங்கள். நம் வீடுகளில் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது வழக்கம்; பள்ளிச் சீருடைக்கு அது சரி. கனமான மட்டையைத் தூக்கக் கீழ்க் கை கைப்பிடியின் அடிக்கு இறங்கும், இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் எந்தப் பந்து வந்தாலும் குறுக்கே லெக் பக்கம் (வலது கை ஆட்டக்காரிக்கு இடப்பக்கம்) இழுப்பாள். அகாடமியில் அதை "தப்பான டெக்னிக்" என்பார்கள். மட்டையை மாற்றினால் பாதி தானாகவே போய்விடும். கடையிலேயே சோதித்துவிடலாம்: வலது கை ஆட்டக்காரி என்றால் இடது கையால் மட்டும் மட்டையைத் தூக்கிச் சில நொடி ஆடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, சைஸைக் குறையுங்கள். நாலடிக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒன்றாம் நம்பரே தாராளம்.

பிள்ளையின் அளவுக்கேற்ற சாமான் என்பதை டென்னிஸில் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துதான். சின்னப் பிள்ளைகளுக்குக் கோர்ட்டும் சிறியது.

இப்போது மகன். பத்து வயது லேட்டே இல்லை. சொன்னதைப் புரிந்துகொண்டு உடம்பில் கொண்டுவரும் நல்ல வயது. ஸ்டான்ஸ் (நிற்கும் விதம்), பிடி, கால் நகர்வு எல்லாம் இனிமேல் சொல்லிக்கொடுக்கலாம். கார் பார்க்கிங் ஆட்டம் கெடுத்தது குறைவு, கொடுத்தது அதிகம். ஆனால் வேகப்பந்து போடுகிறான் என்றால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடி வந்து போடும்போது மொபைலில் எடுத்துக் கோச்சிடம் காட்டுங்கள். இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்பி முறுக்கினால், வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் விரிசல் வரும் ஆபத்து உண்டு. ஆக்‌ஷன் நன்றாக இருந்தாலும் அளவு வேண்டும்: 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வு எடுக்காமல் தொடர்ந்து போடும் சுற்று) 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர் என்பது இங்கிலாந்து வாரியம் பல வருடம் வைத்திருந்த வரம்பு. லெதர் பந்துக்கு மாறும்போது 133 முதல் 144 கிராம் வரையுள்ள ஜூனியர் பந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

"பேட்ஸ்மேனா, பௌலரா, இப்போதே முடிவு செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மேற்கு மாம்பலத்து அஸ்வினே சிறு வயதில் தொடக்க பேட்ஸ்மேன். ஆஃப் ஸ்பின் பிறகுதான் வந்தது.

அகாடமியில் சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு எத்தனை பந்து கிடைக்கிறது என்று எண்ணுங்கள். வலைக்கு வெளியே வரிசையில் நிற்பதே பாதி நேரம் என்றால் பணம் கட்ட வேண்டாம். கோடை கேம்ப் என்றால் காலை 6 மணி பேட்ச் கேளுங்கள். மே மாதத்துச் சென்னையில் 9 மணிக்கு மேல் மைதானத்தில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை.