சூரிய கிரகணம் பார்க்க வீட்டிலும் தெருவிலும் எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் வீட்டில் எண்பது வயதுப் பாட்டியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்களாம். "கிரகணக் கண்ணாடி வாங்கினால் போதுமா, வேறு ஏற்பாடு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கண்ணாடி வாங்குவது அஞ்சு நிமிஷ வேலை. ஆட்களை வாசலுக்குக் கொண்டுவரத்தான் எனக்குப் பத்து நாள் பிடித்தது. அந்தக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

நான் கரூர் மாவட்டம், அரவக்குறிச்சிப் பக்கம். 2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை காலையில் வந்த கங்கண சூரிய கிரகணம், அதாவது நிலா நடுவை மறைத்து ஓரம் மட்டும் வளையமாகத் தெரிகிற கிரகணம், எங்கள் தலைக்கு மேலேயே போனது. காசர்கோடு பக்கம் கரையேறி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் போன பாதை அது. எங்கள் ஊரில் எட்டு மணி சுமாருக்குப் பிடிக்க ஆரம்பித்து, ஒன்பதரைக்கு மூன்று நிமிஷம் வளையம் தெரிந்து, பதினொன்றே காலுக்கு விட்டது.

அதற்கு முந்தின பெரிய கிரகணத்தை நான் கோட்டை விட்டிருந்தேன். 2010 ஜனவரி 15, எங்களுக்குப் பட்டிப்பொங்கல் நாள். கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் பத்து நிமிஷத்துக்கு வளையம் நின்றது. எங்கள் ஊரில் முழு வளையம் இல்லை, ஆனாலும் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. அன்றைக்கு அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, மத்தியானம் முழுக்க எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மாடு கன்றெல்லாம் தொழுவத்தில், நாங்கள் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில். கிரகணம் விட்டு, எல்லாரும் தலைக்கு ஊற்றி, அப்புறம்தான் பொங்கல் பானை அடுப்பில் ஏறியது. டிவியில் கன்னியாகுமரியைப் பார்த்துக்கொண்டு, "கிரகணத்தில் ஒன்றும் கிடையாது அப்பாயி, வெறும் நிழல்தான்" என்று அரை மணி நேரம் வாதாடினேன். ஒரு பலனும் இல்லை.

அதனால் 2019-இல் வேறு மாதிரி ஆரம்பித்தேன். பத்து நாளுக்கு முன்னால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வியாழக்கிழமை காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் அப்பாயி?" என்று கேட்டேன்.

அது வேலை செய்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. காலை மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். "புடிக்கிறதுக்கு முன்னயே வயிறு காலியா இருக்கோணும் சாமி" என்றார். கடைசியில் ஆறரைக்கு இட்லி, உடனே மாத்திரை, விட்ட பிறகு குளியல், பன்னிரண்டுக்குள் சுடுசோறு என்று ஏற்பாடானது. தயிர்ப்பானையிலும் மாவுச் சட்டியிலும் தர்ப்பை போடுவதை நான் கேள்வி கேட்கவில்லை. மூல நட்சத்திரத்தில் பிடிக்கிற கிரகணம் என்பதால் சித்தப்பா கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவைத்ததையும் கேட்கவில்லை. உங்கள் பாட்டிக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் இந்த நேரக் கணக்கை முடியுங்கள். மூன்று மணி நேரக் கிரகணத்துக்கு முன்னும் பின்னும் விரதம் இருந்து மயங்கி விழுந்தால், அந்தப் பழியும் கிரகணத்தின் மேல்தான் விழும்.

அடுத்தது இடம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மார்கழி மாசம் காலை ஒன்பதரைக்குச் சூரியன் அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாதிக்குக் கீழாகவே நிற்கும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்த மூலையைப் பார்த்தால் சரியாகப் பக்கத்து வீட்டுத் தென்னை. ஒரு வாரம் முன்பு அதே நேரத்துக்கு ஏறிப் பார்த்ததால் தெரிந்தது. கிரகணத்தன்று தெரிந்திருந்தால் பதினைந்து பேரையும் ஏணியில் இறக்கிக்கொண்டிருப்பேன். தெருக்கோடியில் இருக்கிற களத்துக்கு மாற்றினோம். அங்கே ஓரமாக இரண்டு முருங்கை மரம் நின்றதும் வசதியாகப் போயிற்று, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி கண்ணாடி. முதலில் வாங்கிய அரை டஜனும் குப்பைக்குப் போனது. டவுனில் ஒரு கடையில் அட்டைக் கண்ணாடி என்று அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் டியூப்லைட் நன்றாகத் தெரிகிறது, டிவியில் ஓடுகிற நாடகம்கூடத் தெரிகிறது. ஒழுங்கான கிரகணக் கண்ணாடியைப் போட்டால் வீட்டுக்குள் குருடன் மாதிரி நிற்க வேண்டும். சூரியனைத் தவிர எதுவும் தெரியக்கூடாது. அட்டையில் ஐஎஸ்ஓ 12312-2 என்று, சூரியனைப் பார்க்கிற கண்ணாடிக்கான சர்வதேசத் தர எண், அச்சடித்திருந்தது, ஆனால் அச்சடிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அப்புறம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து நண்பர் ஒருவர் மூலமாகப் பத்துக் கண்ணாடி வாங்கினோம். ஒரு டீ வடைக் காசுதான் ஒன்றுக்கு. ஃபிலிமில் கீறலோ ஊசித் துளையோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பல்புக்கு முன் பிடித்துப் பார்த்தேன்.

எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடிச் சில்லு, கூலிங் கிளாஸ், தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அதில் பார்ப்பது, எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கூசாமல் இருப்பதும் கண்ணுக்குப் பாதுகாப்பு என்பதும் வேறு வேறு. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நடுப்பார்வை மங்கும். அது திரும்பி வராமலும் போகலாம்.

பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்தோம். அரையாண்டு லீவு என்பதால் தெருவில் இருக்கிற எல்லா வாண்டுகளும் கிடைத்தார்கள். குனிந்து தரையைப் பார்த்தபடி கண்ணாடியைப் போடு, நிமிர்ந்து பார், மறுபடி குனி, அப்புறம் கழற்று. இதையே நாலைந்து தரம். ஒரு பையன், "வளையம் வரும்போது கழட்டிப் பார்க்கலாம்னு யூடியூப்ல சொன்னாங்களே மாமா" என்றான். நல்லவேளை முன்னாலேயே கேட்டான். அது முழுச் சூரிய கிரகணத்துக்கு, அதுவும் சூரியன் முழுசாக மறைந்து கிடக்கிற அந்தச் சில நிமிஷத்துக்கு மட்டும். கங்கண கிரகணத்தில் நிலா தள்ளி இருப்பதால் சூரியனை மூடுகிற அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. 2019-இல் சூரியனின் குறுக்களவில் 97 சதவீதம்தான் மூடியது. மிச்ச வளையமும் வெறுங்கண்ணுக்குச் சூரியன்தான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கழற்றக்கூடாது.

எனக்குப் பிடித்த பகுதி சமையல்கட்டு. பெண்கள் அத்தனை பேரும் சாமான்களோடு களத்துக்கு வந்ததற்குக் காரணம் அதுதான். இடியாப்ப அச்சு, சல்லடை, ஜல்லிக்கரண்டி, எதில் சின்னச் சின்னத் துளை இருக்கிறதோ அதெல்லாம் ஊசித்துளைக் கேமராதான். வெயிலில் ஓர் ஆள் உயரத்துக்குப் பிடித்து, கீழே வெள்ளை வேட்டியை விரித்தால், ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிச் சூரியன் விழும். பாதி பிடித்திருந்தால் பாதி கடித்த சூரியன். யாரும் மேலே பார்க்க வேண்டியதே இல்லை.

அப்பாயிக்கும் பக்கத்து வீட்டு மருமகளுக்கும் இதுவும் ஆகாது. அந்தப் பெண் ஏழு மாசம். வெயிலில் நிழல்கூடப் படக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். கிரகணத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு எதுவும் ஆகாது, எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும், பி.எஸ்சி. படித்தவள். ஆனால் இருக்கிற வீடு அது. அவளை வெளியே வரச் சொல்லி நான் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம், அவள் அங்கேதான் இருக்க வேண்டும். வெளியே வர முடியாதவர்களுக்குச் சூரியனை உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

ஒரு பிளாஸ்டிக் பந்தில் ஓட்டை போட்டு மணல் நிரப்பி அடைத்தேன். அதன் மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை ஒட்டி, அந்தக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் மட்டும் சுண்டுவிரல் நக அளவு துளை. பந்தைப் பிரிமணை மேல் வைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். வாசலுக்கு எதிரே வெயிலில் வைத்துத் திருப்பினால், பதினைந்து மீட்டர் தள்ளி வீட்டுக்குள் இருக்கிற சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் விழுகிறது. கண்ணாடியின் வடிவம் இல்லை அது, சூரியனின் உருவம். தூரத்தை 109-ஆல் வகுத்தால் வட்டத்தின் அளவு வரும். எங்களுக்கு ஒரு சாண் இருக்காது, குட்டி ஊத்தப்பம் அளவு. அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். கரூர்ப் பக்கம் போர்வைக்கா பஞ்சம்? ஜன்னல் எல்லாவற்றிலும் இரண்டிரண்டாகத் தொங்கவிட்டோம்.

ஒரு சிக்கல். சூரியன் நகர நகர, சுவரில் வட்டமும் நிமிஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். பந்தைத் தொட்டுத் தொட்டுத் திருப்ப ஓர் ஆள் வேண்டும், அந்தக் கண்ணாடிக்குள் எந்தக் குழந்தையும் குனிந்து பார்க்காமல் காவலும் வேண்டும். என் அக்கா மகன் இரண்டையும் ஏற்றுக்கொண்டான்.

"வெயிலு உள்ள வருதே சாமி" என்றார் அப்பாயி.

"சுவத்துலதான அப்பாயி விழுது, ஆள் மேல படலியே."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெண்ணைச் சுவருக்கு எதிர்மூலையில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் கதவோரம். சமாதானம்.

அன்று காலை இன்னொரு பயமும் தெருவில் ஓடியது. டிசம்பர் 26, சுனாமி வந்து சரியாகப் பதினைந்து வருஷம். கடலே இல்லாத எங்கள் ஊரில் அதைப் பற்றி மூன்று பேர் கேட்டார்கள். இரண்டும் ஒரே தேதியில் வந்தது வெறும் தற்செயல் என்று சொல்லி டீயைக் கொடுத்தேன், கிரகணம் பிடிப்பதற்கு முன்னாலேயே.

ஒன்பது மணி வாக்கில் வெயில் சுரத்து இல்லாமல் போனது. சாயங்கால மஞ்சள் கிடையாது, ஏதோ அலுமினியப் பாத்திரத்தில் பட்டு வருகிற வெளிச்சம் மாதிரி. கோழி கூடையும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. முருங்கை மர நிழல்தான் கெட்டிக்காரத்தனம் செய்தது. இலை இடுக்கெல்லாம் ஊசித்துளை ஆகி, களத்து மண் முழுக்கப் பிறை பிறையாகக் கொட்டிக் கிடந்தது. ஒன்பதரைக்குப் பிறைகளின் இரண்டு முனையும் சேர்ந்து வளையல் ஆகிவிட்டது. ஒரு சின்னப் பெண் அதைப் பொறுக்கப் பார்த்தாள்.

கிரகணக் கண்ணாடியில் நான் ஒரு நிமிஷம்தான் பார்த்தேன், அதற்குள் அக்கா மகன் கத்தினான். ஓடிப்போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சுவரில் வளையம் மேலே தெரிந்ததைவிடத் தடிமனாக, ஓரம் கலங்கி, மங்கலாகத்தான் விழுந்திருந்தது. பந்துக் கண்ணாடியில் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். ஆனாலும் வளையம். அந்தப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாயி கை கூப்பியிருந்தார், வாயில் ஏதோ ஸ்லோகம், கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. மாமியார் எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

விட்ட பிறகு வழக்கம்போலக் குளியல், வீடு கழுவல். எதிர்வீட்டில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். கிரகண நேரத்தில் மட்டும்தான் நிற்குமாம். பூண் போட்ட அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பாயி முன்னாலேயே நிறுத்திக் காட்டினேன். "நீ படிச்சவன், உனக்கு எந்நாளும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆறு மாசத்தில், 2020 ஜூன் 21 அன்று அடுத்தது வந்தது. எங்களுக்குப் பகுதிக் கிரகணம்தான், ஊரடங்கு வேறு. அவரவர் வீட்டு வாசலில் அவரவர் சல்லடை என்று முடிந்தது.

நம் பக்கம் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21, மதுரை வழியாக. வளையம் 2019-ஐவிடத் தடிமனாகவும் அதிக நேரமும் இருக்கும். ஆனால் கத்திரி வெயில், மத்தியானம் ஒரு மணி சுமார், சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். தென்னை மறைக்கிற பிரச்சினை இல்லை, கழுத்து வலிக்கும். அதனால் கயிற்றுக் கட்டில் இரண்டு, குடைகள், ஒரு குடம் மோர் என்று மதுரையில் இருக்கிற அக்காவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மொட்டை மாடி வேண்டாம், வேப்ப மரம் இருக்கிற இடமாகப் பார் என்றும் சொன்னேன். மோரில் தர்ப்பை போட வேண்டுமா என்று கேட்கிறாள்.